கரைகளும் தீவுகளும் – 9: நெடுந்தீவின் கல்வேலிகள்

சென்ற அத்தியாயத்தை அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், அரிக்கமேட்டின் செங்கற்சுவர்களோடு நிறுத்தியிருந்தேன். 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கே மண்ணை அகழ்ந்து உரோமாபுரியின் வாணிகத்துக்குச் சான்று காட்டுவதற்கு 170 ஆண்டுகளுக்கு மேலாகவே, வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்லும் காட்சியைக் காணவென்று புதுச்சேரிக்கு வந்து தங்கியிருந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தி, வீராம்பட்டினத்தருகே கிராமத்து மக்கள் பெரிய பெரிய பழஞ்செங்கற்களைத் தோண்டி எடுத்துப் போவதைப் பார்த்து அதனைக் குறித்து வைத்தார். அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தென்பெண்ணையும் மலட்டாறும் கொண்டுவந்து பரப்பிய வண்டலின்மேல் அமைந்த பிரதேசம் நம்முடையது. பாகூர் ஏரியின் கரையிலிருந்து செலியமேட்டு வயல்வரையில் நடந்து பார்த்தால் காலில் இடறுவதற்குக்கூட ஒரு கல் அகப்படாது. பாகூர் மூலநாதர் ஆலயத்தின் கருங்கல் ஒவ்வொன்றும் வேற்றூரிலிருந்து வண்டியேறி வந்ததே. கல்லில்லாத நாட்டில் சுட்ட செங்கல் ஒரு செல்வம்; செல்வத்தை மண்ணுக்குள் விட்டுவைக்க எந்தக் குடியானவனும் சம்மதியான். ஆதலால் நம் பக்கத்தில் பழைய வாசஸ்தலங்கள் இடிபாடாக நிற்பதில்லை. அடுத்த தலைமுறையின் வீட்டுச் சுவருக்குள் புகுந்து மறைந்துவிடுகின்றன.

இதற்கு நேர்மாறான நிலம் ஒன்று, கல்லைத் தவிர வேறொன்றும் தாராளமாகக் கிடைக்காத நிலம் ஒன்று, நம் கடலின் மறுகரையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையின் நடுவே, சப்த தீவுகள் என்று வழங்கும் தீவுக்கூட்டத்தில் கடைசியாகவும் தனியாகவும் கிடக்கும் நெடுந்தீவே அது. பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். மலையில்லை, ஆறில்லை, சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லிய மண்போர்வையும், அதற்குமேல் பனையும், பனைக்குமேல் காற்றுமாகப் பரந்து கிடக்கும் சமதரை. இராமேசுவரத்துக் கரைக்கு இது யாழ்ப்பாண நகரைப் போலவே அண்மையானது என்பதைத் தேசப்படத்தைப் பார்ப்பவர் உணர்வர்.

இத்தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களையே சூட்டினார்கள். வேலணை லெய்டனாயிற்று, காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்குக் கிடைத்த பெயர் டெல்ஃப்ட். மற்றப் பெயர்கள் யாவும் காலத்தில் உதிர்ந்துபோக, இந்த ஒன்று மட்டும் அரசாங்கத்துக் கடிதங்களில் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஊர்மக்களின் நாவிலோ அது நெடுந்தீவுதான். அதே ஒல்லாந்தர் 1693-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து நம் புதுச்சேரியைக் கைப்பற்றி 1699 வரையில் ஆண்டவர்கள் என்பதை இத்தொடரின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புதுச்சேரியில் அவர்கள் இருந்தது ஆறே ஆண்டுகள். யாழ்ப்பாணத்தையும் இத்தீவுகளையும் 1658-இல் போர்த்துக்கீசரிடமிருந்து பறித்து, 1795-இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வைத்திருந்தார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்குச் செந்நிறம் ஏற்றிய சாயவேர், யாழ்ப்பாணத்துத் தீவுகளின் மணற்பாங்கான நிலத்தில் தோண்டியெடுக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இரு கரைகளையும் பிரித்துப் பார்ப்பது அண்மைக்காலத்து வழக்கம். வாணிகம் அப்படிப் பார்த்ததேயில்லை.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுவதால், செலியமேட்டிலிருந்து புறப்படும் ஒருவர் ஆகாயமார்க்கத்தை நாடாமலேயே அக்கரை சேரலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதிகள் குறிகட்டுவான் துறை வரையில் கொண்டுவிடுகின்றன. அதற்கப்பால் படகுதான், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். இந்த நீர்வழியைப் பற்றி எழுதும் எவரும் 1985 மே 15-ஆம் நாளைச் சொல்லாமல் கடந்து போகலாகாது. அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் பிரயாணிகள் படகை நடுக்கடலில் மறித்து ஏறிய ஆயுததாரிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட 20-க்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். தீவின் மக்கள் ஆண்டுதோறும் அந்த நாளை அனுஷ்டிக்கிறார்கள்.

மாவிலித்துறையில் இறங்கியவுடன் கண்ணை நிறைப்பது கோட்டையன்று, கோபுரமன்று, வேலி. யாழ்ப்பாணத்து வேலி கிடுகாலும் பனையோலையாலும் ஆனது. நெடுந்தீவின் வேலி கல்லால் ஆனது. வளவைச் சுற்றிக் கல், தோட்டத்தைச் சுற்றிக் கல், ஒழுங்கையின் இருமருங்கும் கல். தீவின் உட்பகுதிக்குள் போகப்போக இந்தச் சாம்பல் நிறக் கல்வேலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுகின்றன. சாந்து இல்லை, மண்ணும் இல்லை, வெறுங்கல்லின்மேல் வெறுங்கல். உழுவதற்காக நிலத்தைத் துப்புரவாக்கியவன் பொறுக்கிய கல்லை எங்காவது கொட்டியாக வேண்டும். கொட்டும் இடத்தை எல்லையாக வைத்துக்கொண்டால் ஒரே உழைப்பில் வயலும் கிடைக்கிறது, வேலியும் கிடைக்கிறது. கடற்காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமலும், அவிழ்த்துவிட்ட மாடும் ஆடும் மட்டக்குதிரையும் பயிரில் வாய்வைக்காமலும் அந்த வேலி காக்கிறது.

ஒரு வேலியின் அருகே குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் இரண்டு மூன்று வரிசையாகப் பருங்கற்களை இட்டு, மேலே போகப்போகச் சிறிது சிறிதாகக் குறுக்கி, முழங்கைக்கு எட்டும் உயரத்தில் ஒற்றை வரிசையாக முடித்திருந்தார்கள். முருகைக்கல் ஆதலால் ஒவ்வொன்றிலும் பவளப்பூச்சி கட்டிய கண்ணறைகள் இன்னும் அழியாமல் தெரிந்தன. சிலவற்றில் நட்சத்திரப் புள்ளிகள், சிலவற்றில் வளைந்து வளைந்து செல்லும் வரிகள். அந்தச் சொரசொரப்புத்தான் சாந்தின் வேலையைச் செய்கிறது. ஒரு கல்லின் பல் மறு கல்லின் குழியைக் கவ்விக்கொள்ள, காற்று இடைவெளிகளின் ஊடே நுழைந்து போய்விடுவதால் வேலி காற்றை எதிர்த்து நிற்க வேண்டிய அவசியமே நேர்வதில்லை. பூசி அடைத்த மதிலைத் தள்ளிச் சாய்க்கும் புயலும் இதைச் சும்மா கடந்துபோகும்.

தீவின் மத்தியில் ஒரு பழைய வீட்டுக்குள் போய்ப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கார மூதாட்டி படலையண்டை நின்றிருந்த என்னை, "வெயிலுக்கை ஏன் நிக்கிறியள் தம்பி, உள்ளுக்கு வாங்கோ" என்று அழைத்துத் திண்ணையில் இருத்தி, தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்த பிறகே எந்த ஊர் என்று விசாரித்தார். சுவர் முருகைக்கல், அதன்மேல் அதே கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புப் பூச்சு. கூரைக்குப் பனைமரத்தைக் கீறிய வளையும் சலாகையும். அதன்மேல் மிதித்துப் படியவைத்த பனையோலை. கூரையைத் தாழ இறக்கியிருப்பதால் வாசலில் குனிந்தே புக வேண்டும். புகுந்தவனுக்கு வெளியே தகிக்கும் வெயிலின் ஞாபகமே மறந்துபோகும். அடுக்களை தனியே ஒரு கொட்டிலில், அதற்கப்பால் மாட்டுப்பட்டி, பட்டிக்கும் கல்லே சுவர். கையெட்டும் தூரத்துக்கு அப்பாலிருந்து வந்த பொருள் அந்த வீட்டில் அநேகமாக இல்லை.

எங்கள் செலியமேட்டில் நான் சிறுவயதில் கண்ட மண்சுவர் வீடுகளும் இதே நியாயத்தில் எழுந்தவைதாம். கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த அந்த ஊரில், ஏரிமண்ணைக் குழைத்து வைக்கோல் சேர்த்து மிதித்துச் சுவர் வைத்து, மேலே கீற்றோ வைக்கோலோ வேய்ந்து, முன்புறம் திண்ணையும் பின்புறம் நெற்குதிருமாக வாழ்ந்தார்கள். ஆனால் மண்சுவர் கூரை உள்ளவரைதான் சுவர். கூரை பிரிந்து இரண்டு ஐப்பசி மழையில் நனைந்தால் மறுபடியும் வயலாகிவிடும். 877-ஆம் ஆண்டு நிருபதுங்கவர்மன் பாகூரின் வித்தியாஸ்தானத்துக்கு ஊர்களைத் தானம் செய்த செப்பேடு நம்மிடம் இருக்கிறது. அந்த வித்தியாஸ்தானத்தில் ஓதிய மாணாக்கர் உறங்கிய வீடு ஒன்றின் மூலைச்சுவர்கூட நம்மிடம் இல்லை. செம்பு தங்கிற்று, மண் கரைந்தது. நெடுந்தீவில் எழுத்தாவணங்கள் அரிது. வீடுகளும் வேலிகளும் நிற்கின்றன. சரித்திரம் எழுதுகிறவன் இரண்டு ஊர்களிலும் இருவேறு கண்களோடு நடக்க வேண்டியிருக்கிறது.

மூதாட்டியிடம் வேலியைப் பற்றிக் கேட்டேன். "கல்லு விழுந்தா விழுந்த உடனை எடுத்து வைச்சிட வேணும் தம்பி. பேந்து பாப்பம் எண்டு விட்டா மாடு அதாலை வந்திடும், மாடு வந்தா இன்னும் நாலு கல்லு விழும்" என்றார். அந்த வேலியைக் கட்டியது யார் என்று கேட்டதற்கு, கேள்வியே விளங்காதவர்போல் என்னைப் பார்த்தார். கட்டியவர் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் விழுந்த கல்லை எடுத்துவைத்தது, அவ்வளவே. இருநூறு ஆண்டுப் பழமை என்றோ முந்நூறு என்றோ அதற்கு வயது கூறப் புகுவது வீண். அது பழமையானதும் நேற்றுக் கட்டியதும் ஒருங்கே ஆகும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தீவின் இடிபாடுகளைப் பார்க்கப் போனேன்.

தீவின் மேற்கே கோட்டைக்காட்டில் இருப்பதை மக்கள் வெடியரசன் கோட்டை என்கிறார்கள். முக்குவர் தலைவனான வெடியரசன் இங்கிருந்து கடலை ஆண்டான் என்றும், கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு அவனும் அவன் தம்பியரும் பெரும் போர் புரிந்தார்கள் என்றும் ஈழத்துக் கண்ணகி கதைப்பாடல்கள் விரித்துச் சொல்லும். கண்ணெதிரே இருப்பதோ முருகைக்கல்லை வட்டமாக அடுக்கிய மேடைகள். பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் என்று தொல்லியலாளர் நிர்ணயித்திருக்கின்றனர். கற்களில் சிலவற்றில் பிராமி எழுத்துகளும் காணப்படுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக நான் கருதவில்லை. தமிழகத்தில் காஞ்சியும் நாகப்பட்டினமும் பௌத்தம் தழைத்த பட்டினங்களாக இருந்த காலமும் உண்டு. அக்காலத்தில் கடல் கடந்து போய்வந்த வணிகரும் துறவியரும் இத்தீவில் இறங்கி வழிபட்டிருக்க, அவர்கள் மறைந்தபின் எஞ்சிய கற்குவியலைக் கண்ட பிற்காலத்துக் கடலோடி மக்கள் தங்கள் வீரனை அங்கே குடியேற்றினார்கள். கைவிடப்பட்ட தலம் ஒன்றுக்குக் கதை ஒரு காவல். அந்தக் கதை இல்லாதிருந்தால் அந்தக் கற்களும் என்றோ ஒரு தோட்டத்து வேலியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

வைத்தியசாலைக்கு அண்மையில் இருக்கும் கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்பது வழக்கு. முதலில் எழுப்பியவர் போர்த்துக்கீசர். இரண்டு நிலைகளாக எழுந்த அந்தக் கட்டடத்தில் இன்று நிற்பன பருத்த சுவர்களின் துண்டுகளே. அருகில் போய்ப் பார்த்தேன்: அதே முருகைக்கல், அதே சுண்ணாம்பு. ஐரோப்பாவிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது கட்டளை மாத்திரமே. கல்லும் நீறும் சுமந்த தோளும் தீவினுடையவை. கட்டளையிட்டவன் கப்பலேறிய நாளில், விழுந்த கல்லை எடுத்து வைப்பவர் இல்லாமல் போயினர். குடியானவன் வேலி நிற்கிறது, அதே கல்லால் ஆன தளபதியின் கோட்டை சரிகிறது என்ற இந்த உண்மை, வேறெந்தச் சாசனத்தைக் காட்டிலும் எனக்கு இத்தீவின் சரித்திரத்தைத் தெளிவாகச் சொல்லிற்று.

குதிரைகளின் கதையும் இதனோடு ஒட்டியதே. போர்த்துக்கீசர் கொண்டுவந்து விட்ட குதிரைகளை ஒல்லாந்தர் இனம்பெருக்கினார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லெப்டினன்ட் நோலன் என்பவர் தீவின் நிர்வாகத்தையும் குதிரைப் பண்ணையையும் பார்த்துவந்தார். லாயத்தின் கற்றூண்கள் வரிசையாக வெட்டவெளியில் இன்னும் நிற்கின்றன. கூரை எந்நாளோ போயிற்று. பண்ணை கலைந்தபோது அவிழ்ந்த குதிரைகளின் சந்ததி தீவின் தெற்கு வெளியில் எவருக்கும் உரிமையில்லாமல் மந்தை மந்தையாய்த் திரிகிறது. வறட்சி மாதங்களில் தண்ணீரின்றி அவை மடிவதைக் கேட்டு நெஞ்சு கனக்கிறது. அந்த நிலப்பகுதி 2015-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பால் குடிநீர் ஊறிவிடாது, தொட்டியும் ஆளும் வேண்டும். தூது செல்லும் புறாக்களுக்கென்று எழுப்பிய புறாக்கூடும், தென்முனையில் மாலுமிகளுக்கு அடையாளமாக எழுந்த குவிந்தா கோபுரமும், ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும், உள்ளே ஆட்கள் நிற்கக்கூடிய பொந்துள்ள பெருக்கமரமும் பிரயாணிகள் தவறாது காண்பவை.

அவர்கள் பெரும்பாலும் காணாமல் போவது சாராப்பிட்டிக் கிணறுகளை. ஆறில்லாத தீவில் மழைநீர் பாறையின் துளைகளில் இறங்கி, உவர்நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் ஓர் ஆடையாகப் படர்ந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் அந்த ஆடையைத் துளைத்து உப்பில் போய் முட்டுவோம். சாராப்பிட்டியில் ஒரே பெருங்கிணற்றை இறக்காமல் பல கிணறுகளை அருகருகே வெட்டி, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக நீரெடுக்கும் முறையைக் கையாண்டிருக்கிறார்கள். பங்காரு வாய்க்கால் பெண்ணையாற்றின் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் பாகூர் ஏரியின் கடைமடையில் வளர்ந்த எனக்கு, தண்ணீரை இத்தனை அடக்கத்தோடு கேட்டுவாங்கும் ஊர் ஒன்று இருப்பது வியப்பாக இருந்தது. வண்டல் நாட்டில் கல்லுக்கு இருந்த மதிப்பு இங்கே தண்ணீருக்கு இருக்கிறது.

மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தரின் வேண்டுகோளுக்கிணங்க இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, ஆதியில் நெடுந்தீவில் குடியேறிய தலைவனாகச் செய்யூரைச் சேர்ந்த தனிநாயக முதலியைச் சொல்கிறது. செய்யூர் என்னும் ஊர் மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் இருக்கிறது. தமிழாராய்ச்சியை உலகமெங்கும் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகளின் தந்தைவழியும் நெடுந்தீவே. நம் கரையிலிருந்து போன குடிகள் வண்டல் மண்ணை மறந்து கல்லோடு வாழக் கற்றுக்கொண்டார்கள் என்றால், அந்தக் கல்வியின் பாடப்புத்தகம் இந்த வீடுகளும் வேலிகளுமே.

ஆனால் வீடுகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. போரின் காலத்திலும் அதன் பின்னும் தீவின் பிள்ளைகள் வன்னிக்கும் கொழும்புக்கும், கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட்டார்கள். பனையோலைக் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அது உக்கி விழும். கூரை விழுந்த வீட்டுக்குள் நான் கண்டவை எருக்கஞ்செடியும் ஆட்டின் புழுக்கையும். திரும்பி வருகிறவர் சீமெந்துக் கல்லும் தகரமும் கொண்டு புதுவீடு எழுப்புகிறார். அதைத் தவறென்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, மழைக்கு ஒழுகாத வீடு எவருக்கும் வேண்டியதே. நான் வற்புறுத்துவது ஒன்று: எஞ்சிய பழைய வீடுகளில் ஒரு பத்தையேனும் அளந்து, வரைபடம் எடுத்து, சுண்ணாம்பு சுட்ட முறையையும் ஓலை வேய்ந்த முறையையும் அறிந்த கிழவர் கிழவியரின் வாயிலிருந்து கேட்டு எழுதிவிட வேண்டும். கோட்டைக்கும் தூபிக்கும் தொல்லியல் துறையின் பலகை உண்டு. வேலிக்கும் அடுக்களைக்கும் எந்தப் பலகையும் இல்லை. மூதாட்டியின் பக்கத்து வளவுக்காரர் வெளிநாடு போய் நெடுங்காலமாயிற்று. அந்த வளவின் வேலியில் விழும் கல்லையும் இவரே எடுத்து வைத்துவருகிறார், அதன் வழியாக மாடு வந்தால் தம் தோட்டத்துக்குத்தான் வரும் என்பதால்.

அடுத்த அத்தியாயத்தில் நயினாதீவுக்குப் போவோம். நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் 12-ஆம் நூற்றாண்டின் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் பொறித்த சாசனம் ஒன்று இருக்கிறது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் இக்கடலில் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் சேரும் என்றும், மற்றப் பண்டங்களை ஏற்றிவரும் கலம் உடைந்தால் செம்பாகம் பண்டாரத்துக்கு என்றும் அது விதிக்கிறது. குதிரைக்கு அவ்வளவு சலுகை காட்டிய அந்த அரசனின் கணக்கை அங்கே விரிவாக ஆராய்வோம்.